மாமனார் மலை

எங்கள் வீட்டு மருமகள் ஜரிபா வானத்தைப் பச்சையாக வரைவாள். மலையைச் சிவப்பாக வரைவாள். நடுவில் ஓடும் ஆற்றைக் கன்னங்கரேல் என்று ஒரே இழுப்பில் இழுத்துவிட்டுப் போவாள். அதற்கெல்லாம் யாரையும் கேட்கமாட்டாள், யாருக்கும் பயப்படமாட்டாள். ஆனால் அந்த மலையின் பேரை மட்டும் சொல்லமாட்டாள். அந்த ஒரு பேருக்காக அவள் பட்ட பாட்டையும் எங்களைப் படுத்திய பாட்டையும் நான்தான் சொல்லியாக வேண்டும். அவளைக் கேட்டால் சிரித்துவிட்டுத் தூரிகை கழுவப் போய்விடுவாள்.

மலையின் பேர் ஷும்கார். என் அப்பாவின் பேரும் ஷும்கார். அவர் பிறந்த அன்று பனிமூட்டம் விலகி முதலில் கண்ணில் பட்டது அந்தச் சிகரம்தானாம், அதையே பேராக வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மருமகளாக வந்தவள் மாமனார் பேரைச் சொல்லக்கூடாது. கணவனுக்கு மூத்தவர்கள் யார் பேரையுமே சொல்லக்கூடாது. அவளாக ஒரு பேர் வைத்து அதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அவள் கணவனின் அக்கா கன்ஷாயிம் என்கிற எனக்கு அவள் வைத்த பேர் 'தேன்வாய் அக்கா'. என் வாய் எப்பேர்ப்பட்டது என்று நாரின் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். கல்யாணக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப்போயிற்று, காட்டிக்கொள்ளவில்லை.

மலையை அவள் 'மேல இருக்கிறவர்' என்பாள். "மேல இருக்கிறவர் இன்னிக்குத் தலையில துண்டு கட்டியிருக்காரு" என்றால் சிகரத்தில் மேகம் என்று நாங்கள் புரிந்துகொள்வோம். ஷும்கார் என்பது வல்லூறுக்கும் பேர் ஆயிற்றே, அந்தப் பறவை கோழிக்குஞ்சைத் தூக்க இறங்கினால் "வளைஞ்சமூக்கு வருது, வளைஞ்சமூக்கு வருது!" என்று என் காதில் வந்து கிசுகிசுப்பாள், நான் அதையே கத்திக்கொண்டு ஓடுவேன். உள்ளே உட்கார்ந்திருக்கும் அப்பா தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

இந்த வழக்கத்தையெல்லாம் எங்கள் தலைமுறையிலேயே பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். இவளோ லெனின்கிராடில் ஓவியம் படித்தவள், கழுத்தோடு முடியை வெட்டிக்கொண்டு வந்தவள். இவள் ஏன் இப்படிப் பிடித்துத் தொங்குகிறாள் என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். பிறகுதான் விளங்கியது. போரில் அப்பா போய், பின்னாலேயே அம்மாவும் போய், தலைநகரான ப்ரூன்சேயின் அநாதை விடுதியில் வளர்ந்தவள் அவள். பேர் சொல்லாமல் மரியாதை காட்டுவதற்கு அவளுக்கு என்று ஒரு மாமனார் கிடைத்திருந்தார். எங்களுக்குச் சுமையாக இருந்தது அவளுக்குச் சொத்து. அதனால் எங்களைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்பா முன்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள், முதுகைக் காட்டமாட்டாள், பின்பக்கமாகவே நடந்து வெளியே போவாள், குரல் எழுப்பவே மாட்டாள். "மாமாவுக்கு உப்புப் போதுமான்னு கேளுங்க அக்கா" என்று என் காதில் கிசுகிசுப்பாள். நான்தான் கத்திக் கேட்கவேண்டும்.

படிப்பு முடித்த கோடையில் எங்கள் மேய்ச்சல் மேட்டுக்கு வரைய வந்தவளை, கூட்டுப்பண்ணை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் என் தம்பி ஜுமாதில். பெட்டியை இறக்கி வைத்தவன் அங்கேயே நின்றுவிட்டான். அப்புறம் என்ன, கல்யாணம்தான்.

அவள் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கையில் காகிதமும் இருக்காது, பென்சிலும் இருக்காது. குளிரில் மூக்கு சிவந்து கண்ணில் தண்ணீர் வந்த பிறகு எழுந்துபோய், ஜன்னலில்லாத ஆட்டுக் கொட்டகைக்குள் விளக்கேற்றிக்கொண்டு வரைவாள்.

"ஏண்டி, உள்ள போய்த்தான் வரையப்போறேன்னா இந்தக் குளிர்ல எதுக்கு உக்காந்து சாகிறே?" என்று கேட்டேன்.

"அக்கா, எதிர்ல வச்சுக்கிட்டு வரைஞ்சா ஒவ்வொரு கல்லும் என்னையும் போடு, என்னையும் போடுன்னு கத்துது. உள்ள வந்துட்டா கத்தினதெல்லாம் அடங்கிடும். மிச்சம் என்ன நிக்குதோ அதுதான் அவர்."

அப்படி நின்றதுதான் சிவப்பில் ஒரு பெரிய துண்டு, பச்சையில் ஒரு பெரிய துண்டு, கறுப்பில் ஒரு கோடு. குதிரை கிடையாது, கூடாரம் கிடையாது, ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கிடையாது. அப்பா ஒருநாள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "கன்ஷாயிம், நல்லா இருக்கா அது? எனக்கு அறுத்து வச்ச ஈரல் மாதிரி தெரியுது. என் பேர் வச்ச மலையைக் கொண்டுபோய் ஈரலாக்கிட்டாளே!"

"நல்லாயிருக்கா இல்லையான்னு எனக்கென்னப்பா தெரியும்? ஆனா பார்த்துட்டு வந்தா கண்ணை விட்டுப் போகமாட்டேங்குது."

"அது உண்மை. எனக்கும் போகலை. நேத்து ஈரல் சாப்பிடவே முடியலை."

இப்படிச் சிரித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு வினை அட்டை வடிவில் வந்தது. அந்தக் காலத்தில் ஓவியர் சங்கத்து அட்டை இல்லாதவர்களுக்கு எண்ணெய்ச் சாயமும் நல்ல துணியும் கிடைக்காது. படிப்பு முடித்தவர்களுக்குச் சில வருஷம் தற்காலிகமாகக் கொடுப்பார்கள், அதற்குள் ஒரு பெரிய படத்தைத் தேர்வுக் குழுமுன் வைத்து உறுப்பினராகிவிட வேண்டும். இல்லையென்றால் கடை மூடிக்கொள்ளும், கண்காட்சிக் கதவும் மூடிக்கொள்ளும். ஜரிபாவுக்கு வந்தது கடைசி வாய்ப்பு. சாயக் குழாய்களை அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு குளிர்காலமாக வரைந்த பெரிய மலைப் படத்தைத் தூக்கிக்கொண்டு அவளும் ஜுமாதிலும் ப்ரூன்சேவுக்குப் போனார்கள்.

திரும்பி வந்த ஜுமாதிலின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னடா ஆச்சு?"

"குழுத் தலைவர் பெர்தியேவிச் கேட்டாரு, இது எந்த மலை, எங்க இருக்குன்னு. இவ வாயே தொறக்கலை."

"தொறக்கலைன்னா?"

"தொறக்கலைக்கா. தரையைப் பார்த்துக்கிட்டு நின்னா. நான் வெளியில வராந்தாவில நிக்கறேன், எனக்கு எதுவும் தெரியாது. அவரு மூணு தடவை கேட்டிருக்காரு. அப்புறம் எழுதிட்டாங்க, 'இந்தப் படத்துக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை, இது நம்ம நாட்டு மலையே இல்லை, வெறும் வடிவத்தை வச்சு விளையாடுற விளையாட்டு'ன்னு. குழுவில இருந்த ஒரு ரஷ்யக் கிழவியம்மா மட்டும் இவளுக்காகப் பேசி, இலையுதிர்காலத்துல மறுபடி கொண்டுவரச் சொல்லியிருக்கா."

எனக்கு வந்த கோபத்தில் நேராகக் கொட்டகைக்குப் போனேன். அவள் எதுவுமே நடக்காத மாதிரி ஒரு மாவுச் சாக்கைப் பிரித்துச் சட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"வாயில என்ன மாவை அடைச்சு வச்சிருந்தியா? பேரைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? எங்க அப்பா என்ன அங்கயா உக்காந்திருந்தார்?"

"இல்லை அக்கா."

"நான் சொல்றேன் பாரு. ஷும்கார், ஷும்கார், ஷும்கார்! என்ன ஆயிடுச்சு? வானமா இடிஞ்சு விழுந்துடுச்சு?"

"நீங்க மக. உங்களுக்கு வரும். எனக்கு வரலை." ஆணியை வாயிலிருந்து எடுத்தாள். "வரலைன்னா பயம் இல்லை அக்கா. சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். வாயைத் தொறந்தேன். அந்த ஆளு கையில பேனாவை வச்சுக்கிட்டு, சீக்கிரம் சொல்லுங்கிற மாதிரி மேஜையில தட்டினாரு. இந்த ஆளுக்காகவா இத்தனை வருஷம் காப்பாத்தினதை விடறதுன்னு தோணுச்சு. மூடிக்கிட்டேன்."

"அட்டை போயிடும்டி."

"போனா போகட்டும். நான் வரையறதை நிறுத்தமாட்டேன்."

"எதை வச்சு வரைவே? ஆட்டுப் புழுக்கையை வச்சா?"

"வரைஞ்சா என்ன?" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து எனக்கு அறையவும் தோன்றியது, கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்பா புளித்த குதிரைப்பால் குமிஸ் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவருக்கு வருத்தமா சந்தோஷமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மூக்கைத் தடவிக்கொண்டார்.

"அந்த பெர்தியேவிச் யார் பையன்?"

"பக்கத்துப் பள்ளத்தாக்குதான் அப்பா. கணவாய்க்கு அந்தப்புறம்."

"நம்ம ஆளா? நம்ம ஆளுக்கு இது தெரியலையா?" கிண்ணத்தை மறுபடி எடுத்தார். "இலையுதிர்காலத்துக்கு நானும் வரேன். என் பேரை நானே சொல்லிக்கறேன். அதுக்கு யார் என்ன செய்யமுடியும்?"

நாங்கள் எல்லாரும் அந்த லாரியில் போனோம். ஜுமாதில் ஓட்ட, அப்பா புது வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு முன்னால் உட்கார்ந்தார். மாமனார் பக்கத்தில் மருமகள் உட்காரக்கூடாது என்று ஜரிபா பின்னால் ஏறிக்கொண்டாள். அவளைத் தனியாக விட முடியாது என்று நானும் பின்னால். நடுவில் கம்பளத்தால் சுற்றிக் கட்டிய அந்தப் படம், அறுக்கப்போகிற மாடு மாதிரி எங்களை முட்டிக்கொண்டே வந்தது. தோலோன் கணவாயில் பனி அடித்தது. நான் சாபம் கொடுத்துக்கொண்டே வந்தேன், அவள் படத்தின் ஓரத்தைத் தன் மேல்சட்டையால் மூடிக்கொண்டு வந்தாள்.

"மேல்சட்டையைப் போட்டுக்கடி, செத்துடுவே."

"சாயம் குளிர்ல வெடிச்சிடும் அக்கா. நான் வெடிக்கமாட்டேன்."

தேர்வுக் குழு உட்கார்ந்திருந்தது உயரமான கூரை போட்ட ஒரு கூடத்தில். பேசினால் எதிரொலிக்கும். நீண்ட மேஜைக்குப் பின்னால் நான்கு பேர். நடுவில் பெர்தியேவிச், நல்ல கறுப்புச் சட்டை, கழுத்தில் பட்டை. எங்கள் பக்கத்து முகம்தான், சந்தையில் பார்த்தால் குதிரை விலை கேட்பேன். படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தோம். அந்த மங்கலான கூடத்தில் அந்தச் சிவப்பு இன்னும் சிவப்பாகத் தெரிந்தது.

"இது எந்த இடம்னு இந்தத் தடவையாவது சொல்றீங்களா, தோழரே?" என்றார் பெர்தியேவிச்.

ஜரிபா தரையைப் பார்த்தாள். அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"நான் சொல்றேன் தம்பி. இது ஷும்கார்."

"நீங்க யாரு பெரியவரே?"

"ஷும்கார்."

"இல்லை, மலை பேரைக் கேக்கலை. உங்க பேரைக் கேக்கறேன்."

"அதைத்தான் சொல்றேன். அதுவும் ஷும்கார், நானும் ஷும்கார். இவ என் மருமக. இவ எப்படித் தம்பி சொல்லுவா? உங்க அம்மா உங்க தாத்தா பேரைச் சொல்லி ஒரு தடவையாவது கேட்டிருக்கியா?"

பெர்தியேவிச்சின் காது ரெண்டும் சிவந்துபோயின. பக்கத்தில் இருந்த ரஷ்யக் கிழவியம்மா என்ன, என்ன என்று கேட்டாள். அவர் அவளுக்கு ரஷ்ய மொழியில் விளக்கினார். விளக்கி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அம்மா எங்க தாத்தாவைக் 'கறுப்புக் குதிரைக்காரர்'னுதான் சொல்லுவாங்க" என்றார். "நான் எப்படி மறந்தேன்னு தெரியலை." எல்லாரும் சிரித்தார்கள். கிழவியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா எங்கள் பக்கம் திரும்பி, வேலை முடிந்தது என்கிற மாதிரி தலையை ஆட்டினார். எனக்கும் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

பெர்தியேவிச் நல்ல மனசோடுதான் அடுத்ததைச் சொன்னார். அதுதான் கஷ்டம். கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் திட்டியிருக்கலாம்.

"பேர் கிடைச்சுடுச்சு, சந்தோஷம். ஊரையும் எழுதிடுவோம். இன்னும் ஒண்ணே ஒண்ணு. வானம் இப்படி இருக்கக்கூடாது. நீலமா மாத்திடுங்க, கீழ ஒரு குதிரைக் கூட்டம் போட்டுடுங்க, சின்னதா இருந்தாப் போதும். இங்கயே பக்கத்து அறையில சாயம் இருக்கு. நாளைக்கு வந்து அட்டையை வாங்கிக்கலாம். நகரத்துல வேலை செய்ய ஒரு அறையும் குடுக்கறோம். வெளிச்சமான அறை, பெரிய ஜன்னல்."

பெரிய ஜன்னல்! எனக்கு ஆட்டுக் கொட்டகையின் விளக்குப் புகை ஞாபகம் வந்தது. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அவ்வளவுதானா? வானம்தானே! அம்மாடி, நீலமா அடிச்சுக் குடுத்துடு. குதிரையும் போட்டுடு. அரைநாள் வேலை. என் குதிரையவே போடு."

மாமனார் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அதற்குமேல் பேச்சு கிடையாது. ஜரிபா வளர்ந்த விடுதியில் இல்லாத, அவள் ஆசைப்பட்டு எடுத்துத் தலையில் வைத்துக்கொண்ட அந்த வழக்கத்தின்படி, இப்போது அவள் தலையைக் குனிந்து தூரிகையை எடுக்க வேண்டியதுதான். அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா," என்று வழக்கமான அந்தக் கிசுகிசு. "அது முடியாதுன்னு மாமாகிட்ட சொல்லுங்க."

எனக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ. உப்புக்கும் நான், தண்ணீருக்கும் நான், இதற்குமா நான்? "சொல்லமாட்டேன்," என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "வரைஞ்சது நீ. உனக்குத்தான் வாய் இருக்கு. நீயே சொல்லு."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிறகு முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். தரையைப் பார்த்தபடியே அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"மாட்டேன்."

அந்தக் கூடத்துக்கு எதிரொலி உண்டு என்று சொன்னேன் அல்லவா? அந்தச் சொல் கூரையில் போய் அடித்து நாலு பக்கமும் திரும்பி வந்தது. அப்பா ஒரு அடி பின்னால் போய்விட்டார். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அவளுடைய முழுக் குரலைக் கேட்டதே இல்லை. கனமான குரல், மேட்டிலிருந்து மந்தையைக் கூப்பிடுகிறவர்களுக்கு இருக்கிற குரல்.

"சிவப்புக்குப் பக்கத்துல நீலத்தை வச்சா மலை உக்காந்துடும், மாமா. பச்சைதான் அவரை நிக்க வைக்குது. நீலம் வச்சுப் பார்க்காமலா இருந்தேன்? ஒரு குளிர்காலம் முழுக்க வச்சுப் பார்த்தேன். சுரண்டிட்டேன். உங்க பேரைச் சொல்லுன்னு கழுத்துல கத்தி வச்சாலும் சொல்லமாட்டேன். மேல இருக்கிறவரோட வானத்தை மாத்துன்னு கத்தி வச்சாலும் மாத்தமாட்டேன். எனக்கு அது வேற, இது வேற இல்லை. ஒண்ணை விட்டா இன்னொண்ணும் போயிடும். நீங்க சொல்லி நான் கேக்காதது இது ஒண்ணுதான். என்னை மன்னிச்சுடுங்க. ஆனா மாட்டேன்."

கிழவியம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்தியேவிச் பேனாவின் மூடியைத் திருகினார்.

"அப்ப அட்டை கிடையாது, தோழரே. நான் செய்யக்கூடியது அவ்வளவுதான்."

"சரி," என்றாள் ஜரிபா. குனிந்து கம்பளத்தை எடுத்துப் படத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். முடிச்சு இறுக்கமாக விழுந்தது. நான் போய் மறுமுனையைப் பிடித்தேன்.

பழையபடியே ஏறிக்கொண்டு ஊர் திரும்பினோம். முன்னால் அப்பாவின் தொப்பி மட்டும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது, அசையவே இல்லை. மாமனாரை நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசிய மருமகளை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், கணவாய்க்கு அந்தப்புறம் ஒருத்தியை அவள் பிறந்த வீட்டுக்கே ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இவளை அனுப்ப ஒரு பிறந்த வீடுகூடக் கிடையாது. அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள் போல. படத்தின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போகச் சொன்னா போயிடுவேன் அக்கா," என்றாள். "ஆனா படத்தையும் எடுத்துட்டுத்தான் போவேன்."

"வாயை மூடு," என்றேன். எனக்கு அழுகை வந்தது.

கணவாயின் உச்சியில் லாரி நின்றது. அப்பா இறங்கிப் பின்பக்கம் வந்தார். ஜரிபா குதித்து இறங்கி, பனியில் நின்று, முறைப்படி குனிந்தாள். அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய குரலை இத்தனை வருஷமா எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தே?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உப்புப் போதுமான்னு கேக்க, கொசு மாதிரி ரீங்காரம். நான் என் காதுதான் போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். வைத்தியர்கிட்டகூடப் போனேன்."

நான் சிரித்துவிட்டேன். அழுதுகொண்டே சிரித்தேன். ஜுமாதில் வண்டியின் சக்கரத்தைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எனக்கு அந்தப் படம் பிடிக்கலை," என்றார் அப்பா. "சொல்லிடறேன். ஈரல் மாதிரிதான் இருக்கு. ஆனா அந்த ஆளு பெரிய ஜன்னலைக் காட்டினப்போ நான் விழுந்துட்டேன், நீ விழலை. என் பேர் வச்சதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னது நீதான். முன்னாடி போய் உக்காரு. உதடெல்லாம் நீலமாயிடுச்சு. நான் பின்னாடி இருக்கேன்."

மாமனார் பின்னால் பனியில் உட்கார, மருமகள் முன்னால் உட்காருவதா? ஜரிபா நகரவில்லை.

"இன்னொரு தடவை மாட்டேன்னு சொன்னே, வீடு வரைக்கும் நடந்துதான் வரணும்," என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியபடியே மேலே ஏறிப் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வழி முழுக்கப் படத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார்.

அட்டை இல்லாமல் ஜரிபா எப்படி வரைந்தாள் என்று இப்போது நகரத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் அப்பாவைக் கொண்டுதான். அவர் கூட்டுப்பண்ணைக் கிடங்குக்காரனைக் கண்ணில் விரலை விட்டு ஆட்டினார். கூரைத் தகரத்துக்கு அடிக்கும் சிவப்பு, வேலிக்கு அடிக்கும் பச்சை, தார். கிடங்கில் இருந்ததே அந்த மூன்றும்தான். ஒருநாள் எங்கிருந்தோ ஒரு டப்பா நீலம் வந்திருக்கிறது. கிடங்குக்காரன் அதை நீட்ட, அப்பா தொடவே இல்லையாம். "எங்க வீட்டுல அது ஆகாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். எங்கள் ஊர்ப் பால்பண்ணைக் கூரையை இன்றைக்கும் வந்து பாருங்கள், பாதிதான் சிவப்பு. மிச்சப் பாதி ஜரிபாவின் மலைகளில் இருக்கிறது. துணிக்குக் கிழிந்த லாரித் தார்ப்பாய். தூரிகைக்கு அப்பா தன் குதிரையின் வாலையே கத்தரித்துக் கொடுத்தார். அந்தக் கோடை முழுக்க ஈயை ஓட்ட முடியாமல் அந்தக் குதிரை என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தது.

அவள் வரைந்தாள். குழந்தைகள் பிறந்தன, வரைந்தாள். கண்காட்சிக்கு அழைப்பு வரவில்லை, வரைந்தாள். மேல இருக்கிறவரைக் கிழக்கிலிருந்து, மேற்கிலிருந்து, ஆற்றுக்கு அந்தப்புறமிருந்து. ஒவ்வொரு படத்திலும் துண்டுகள் குறைந்துகொண்டே வந்தன, மலை பெரிதாகிக்கொண்டே போனது. அட்டை வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. பெர்தியேவிச் ஓய்வு பெற்று, நாடே உடைந்து, கடையில் சாயமும் இல்லாமல் சங்கத்தில் ஆளும் இல்லாமல் போன பிறகு தபாலில் வந்தது. நல்ல கெட்டி அட்டை. பலகையில் காய்ந்துபோன சாயத்தைச் சுரண்ட அவள் இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறாள்.

ஆனால் அதைப் பார்க்க அப்பா இல்லை. அவர் போனது அதற்கு முன்னாலேயே, ஒரு வசந்தகாலத்து மத்தியானம். அந்தப் பெரிய படத்தை அவர் கணவாயிலிருந்து இறங்கிய மறுநாளே வாசலுக்கு நேர் எதிர்ச்சுவரில், பெரிய விருந்தாளியை உட்காரவைக்கிற இடத்துக்கு மேலே மாட்டியிருந்தார். அதற்குக் கீழேதான் படுக்கை போட்டிருந்தோம். குரல் இறங்கிவிட்டது, பேசினால் நாங்கள்தான் குனிந்து கேட்க வேண்டும். ஜரிபாவைக் கூப்பிடச் சொன்னார். அவள் வந்து, அந்த வயதிலும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓரமாக முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மாடி, ஒரு ஆசை."

"சொல்லுங்க மாமா."

"நீ ஒருத்திதான் என் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் குரல்ல ஒரே ஒரு தடவை சொல்லு. கேட்டுட்டுப் போறேன். நானே அனுமதி தரேன், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

நான் ஜரிபாவைப் பார்த்தேன். சொல்லிவிடு பெண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. உதடு அசைந்தது. தலையைத் தூக்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக என் அப்பாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"மாட்டேன்," என்றாள். அந்தக் கூடத்தில் சொன்ன அதே குரல். வெளியில் கட்டியிருந்த குதிரைகள்கூடக் காதைத் தூக்கின.

அப்பாவின் முகம் முழுக்கச் சிரிப்புப் பரவியது. உடம்பு குலுங்கச் சிரித்தார், நான் தலையணையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அதானே," என்றார். "எங்க சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்."

பிறகு தலையை மெதுவாகப் பின்னால் சாய்த்து, மேலே இருந்த படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஈரல்தான்," என்றார். "ஆனா நிக்குது."